புதிய ரவுட்டர் வாங்குமுன்: மாடிவீட்டுக்கான நான்கு வழிகள்

மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்ட வீடு எங்களுடையது. கீழ்த்தளத்தில் கூடமும் சமையலறையும் இரண்டு அறைகளும், மாடியில் மேலும் இரண்டு அறைகளும் உள்ளன. வெளிச்சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். இரு தளங்களுக்கும் நடுவே கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம் இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக நுழைந்து, தொலைக்காட்சிக்குப் பின்னால் சேவை நிறுவனம் பொருத்திச் சென்ற பெட்டியில் முடிகிறது. கூடத்தில் அமர்ந்தால் எந்தக் குறையும் இல்லை. மாடியின் பின்னறையில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு இணையவழி வகுப்பில் அமர்ந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கும். நல்லதாக ஒரு ரவுட்டர் வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவானபோது, எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்ததில், வைஃபை பெட்டி வீட்டின் எந்த இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடம் வரை இணையம் எதன் வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும் என்றும், எந்த மாடல் என்பதை அதன் பிறகு தீர்மானித்தால் போதும் என்றும் தெளிந்தேன்.

கடைக்குப் போகுமுன் ஒரு மாலைப்பொழுதை அளவெடுக்க ஒதுக்குவது நல்லது. முதலில் மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேரடியாகப் பெட்டியில் செருகி வேகத்தைப் பாருங்கள். அங்கேயே 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதிலாக 40 வந்தால் குறை இணைப்பில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ரவுட்டர் வாங்கினாலும் அது தீராது. கேபிளில் முழு வேகம் வந்தால், பெட்டிக்கு அருகில் நின்று வைஃபையில் ஒரு முறையும், பிறகு ஒவ்வோர் அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறையும் பாருங்கள். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியுடன் காட்டும். -50 என்பது மிக நல்ல நிலை. -67 வரை காணொளி அழைப்புக்குக் கவலையில்லை. -75 தாண்டினால் தடங்கல் தொடங்கும். -80 என்றால் வைஃபை குறி திரையில் தெரியுமே தவிரப் பயன் இராது. இந்தச் சோதனையை இரவு எட்டு மணி அளவில் செய்தால், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும் முழுவீச்சில் இயங்கும்போது உங்கள் வீட்டின் நிலை என்ன என்பது தெரியும். எங்கள் மாடிப் பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பிடிக்கவே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் -78இல் நின்றது.

இந்த இரண்டு அலைகளின் குணம் புரியாமல் ஒப்பீடு செய்வதில் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதி. பொதுவாக 2.4 அலை சுவர்களைத் தாண்டிச் சற்றுக் கூடுதல் தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைக்குள் பிரித்த தனிப் பாதைகள், மூன்று மட்டுமே, அதாவது 1, 6, 11. நெருக்கமான தெருவில் இருபது வீடுகள் அந்த மூன்றையே பங்குபோட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். எனினும் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும்போதே அது தளர்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது பெரும்பகுதி அடங்கிவிடும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் நிறைந்த தொட்டி ஆகியவையும் தடைகளே. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் சதுர அடிக் கணக்குகள் நம் ஊர்க் கான்கிரீட் வீட்டை வைத்துப் போடப்பட்டவை என்று எண்ணிவிட வேண்டாம்.

முதல் வழி, எதையும் வாங்காமல் இருக்கும் பெட்டியின் இடத்தை மாற்றுவது. செலவே இல்லாததாலோ என்னவோ பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஃபைபர் இழுக்க வந்தவர், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு அருகில், அவருக்கு வசதியான மூலையில் பெட்டியை மாட்டியிருப்பார். அதைத் தொலைக்காட்சியின் பின்னாலிருந்தோ மர அலமாரிக்குள்ளிருந்தோ வெளியே எடுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வீட்டின் நடுப்பகுதியில் வைத்தாலே ஒரே தளம் உள்ள வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மாடிவீட்டில் மாடிப்படி ஏறும் இடம் மிகவும் பொருத்தமானது; அங்கேதான் தளத்தில் திறப்பு இருக்கிறது, அலை கான்கிரீட்டை ஊடுருவாமலே மேலே செல்ல வழி இருக்கிறது. ஃபைபர் இழையை நாமே இழுத்து நகர்த்தக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி இழை. கூர்மையாக வளைத்தால் ஒளி கசிந்து இணைப்பே போய்விடும். நகர்த்துவதற்கு நிறுவனத்தின் ஆளை அழைப்பதே சரி.

இரண்டாவது வழி, விளம்பரங்கள் நம்மை இழுத்துச் செல்லும் வழி: ஆறு ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பெரிய ரவுட்டர். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். ரவுட்டரின் ஒலிபரப்பு வலிமைக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. விலை ஏறுவதால் அந்த வரம்பு உயர்ந்துவிடாது. மேலும் வைஃபை என்பது இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், மாடி அறையிலிருக்கும் கைப்பேசி தன்னுடைய சிறிய ஆன்டெனாவாலும் குறைந்த மின்திறனாலும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கான்கிரீட்டைத் தாண்டி வராவிட்டால், திரையில் மூன்று கோடுகள் தெரிந்தாலும் பக்கம் திறக்காது. நல்ல ரவுட்டரில் ஏற்புத்திறன் மேம்பட்டிருக்கும் என்பதால் ஒரு சுவர் அளவுக்கு முன்னேற்றம் கிடைக்கலாம். ஒரு தளத்தின் அளவுக்கு முன்னேற்றம் கிடைப்பது அரிது.

பெட்டியின் மேல் உள்ள எண்களையும் இங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம். ஏஎக்ஸ்3000 என்றால் 3000 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்று பொருளில்லை. 2.4 அலையின் 574, 5 அலையின் 2402 ஆகிய இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலையில்தான் இணையும். அந்த 2402கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், இரண்டு ஆன்டெனாக்கள் கொண்ட கருவிக்கு மட்டுமே உரியது. 80 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் ஏற்கும் கைப்பேசிக்கு அது 1201 ஆகிவிடும். இவை யாவும் ஏட்டு வேகங்கள். கையில் கிடைப்பது அதில் ஒரு பகுதி. நம் இணைப்போ 200 எம்பிபிஎஸ். 4கே தரத்தில் ஒரு படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். ஆகவே ஏஎக்ஸ்1500க்கும் ஏஎக்ஸ்5400க்கும் உள்ள வேறுபாட்டை, 200 எம்பிபிஎஸ் இணைப்பு உள்ள நான்கு பேர் குடும்பம் உணரப்போவதில்லை. கவனிக்க வேண்டியது பின்பக்கத்தில் இருக்கிறது. மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் லேன் துளைகள் 100 எம்பிபிஎஸ் வரையில் மட்டுமே செல்லும், நடைமுறையில் 94ஐத் தாண்டாது. டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் ஏசி1200 என்ற பெயரில்தான் விற்கப்பட்டன. முன்னதில் 100 எம்பிபிஎஸ் துளைகள், பின்னதில் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், துளைகள். முன்னதை வாங்கி 200 எம்பிபிஎஸ் இணைப்பில் மாட்டுபவர், மாதந்தோறும் கட்டும் பணத்தில் பாதி வேகத்தைத் தன் வீட்டு வாசலிலேயே இழக்கிறார்.

அப்படியானால் ஒற்றை ரவுட்டர் யாருக்கு? ஆயிரம் சதுர அடிக்குள், ஒரே தளத்தில் அமைந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது முற்றிலும் போதும். அங்கே மெஷ், அதாவது பல பெட்டிகள் ஒரே வலையாக இயங்கும் தொகுப்பு, வாங்குவது வீண்செலவு என்றே சொல்வேன்.

இதற்கும் அடுத்த வழிக்கும் இடையே, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு மின்துளையில் செருகும் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது. ஒரே ரேடியோவில் கேட்டு, அதையே திரும்பச் சொல்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். பேச்சில் தாமதமும் கூடும். வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் சிக்னல் போதவில்லை என்றால் வாங்கலாம். வகுப்புக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் அதை நம்ப வேண்டாம்.

மூன்றாவது வழி மெஷ். இரண்டோ மூன்றோ பெட்டிகள் ஒரே பெயரில் ஒரே வலையாக இயங்கும். கைப்பேசியுடன் நடக்கும்போது அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக்கொள்ள அது உதவும். ஆனாலும் எப்போது மாறுவது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது கைப்பேசியே. சுவரில் துளையிட அனுமதியில்லாத வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மெஷ்ஷில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. சிக்னல் கிடைக்காத அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியும் முதல் பெட்டியிடமிருந்து அலையைப் பெற்றுத்தானே கொடுக்க வேண்டும்? அதற்கே கிடைக்காதபோது அது எதைக் கொடுக்கும்? முதல் பெட்டியின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், எங்கள் வீட்டைப் போன்றதில் மாடிப்படித் திருப்பத்தில், அது இருக்க வேண்டும். இரண்டு அலைகள் மட்டுமே உள்ள மெஷ்ஷில், பெட்டிகள் தமக்குள் பேசுவதும் நம் கருவிகளோடு பேசுவதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் நடக்கும். ரிப்பீட்டரின் பாதி வேகக் குறை இங்கும் ஓரளவு தொடரும். தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலை ஒதுக்கிய மும்மை அலை மெஷ்ஷில் அந்தக் குறை இல்லை, விலைதான் அதிகம். இரண்டு பெட்டிகளையும் லேன் கேபிளால் இணைக்க முடிந்தால், சாதாரண இரட்டை அலை மெஷ்ஷே போதும்.

கேபிள் என்று வந்துவிட்ட பிறகு, நான்காவது வழியையும் நேராகவே சொல்லிவிடலாம். நிறுவனத்தின் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் நடுத்தர விலை ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்புவதை மட்டும் செய்யும்படி, வைப்பது. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. தரமான கேட் 6 வகை லேன் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் குறையாமல் கொண்டுசெல்லும். கான்கிரீட், பீரோ, பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் அதைத் தொடாது. மாடியில் இருக்கும் பெட்டி தன் முழு வைஃபை வலிமையையும் அந்தத் தளத்துக்கே செலவிடும். சுவருக்குள் பழைய தொலைபேசிக் கம்பியோ கேபிள் டிவி வயரோ போன பைப் இருந்தால், எலக்ட்ரீசியன் அதன் வழியாகவே இழுத்துவிடுவார். இல்லாவிட்டால் மாடிப்படி ஓரமாக வெளிர்நிற பிவிசி பட்டையை ஒட்டி அதற்குள் கொண்டுசெல்லலாம். வெளிச்சுவரில் போக வேண்டியிருந்தால், வெளியிடத்துக்கென்றே செய்யப்பட்ட கறுப்பு உறைக் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். உள்வீட்டுக் கேபிளின் உறை நம் வெயிலில் வெடித்துவிடும். கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு வகை சிசிஏ என்ற பெயரில் கிடைக்கிறது. அதன் மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் முறியும்.

இந்த வழியில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதில் தவறியவர்கள் புதிய ரவுட்டரையே குறைசொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் பெட்டி ஏற்கெனவே ஒரு ரவுட்டராக இயங்குகிறது. அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை அப்படியே செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள் உருவாகும். மாடியிலிருந்து கீழே உள்ள பிரின்டர் தெரியாது; கேமராவை வெளியூரிலிருந்து பார்ப்பதிலும் இணைய விளையாட்டுகளிலும் சிக்கல் வரும். புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் முறையைத் தேர்ந்தெடுத்தால் வலை ஒன்றாகிவிடும். அல்லது நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, எல்லாப் பொறுப்பையும் புதிய ரவுட்டரிடம் ஒப்படைக்கலாம். அந்தப் பெட்டியிலிருந்தே தரைவழித் தொலைபேசி இயங்குகிறது என்றால், மாற்றிய பின்னும் தொலைபேசி இயங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைபர் நுழையும் அந்தப் பெட்டியையே தூக்கிப்போட்டுவிட்டுக் கடையில் வாங்கியதை மாட்டலாம் என்று எண்ண வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண ரவுட்டரில் ஃபைபர் செருகும் துளையே இராது.

எந்தத் தலைமுறையை வாங்குவது என்பது அடுத்த கேள்வி. வைஃபை 4, 5, 6 என்று எண்ணிட்டு அழைக்கும் வழக்கத்தை வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்தது. 2013இல் வந்த ஏசி, அதாவது வைஃபை 5, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே உரிய தரநிலை. ஏசி என்று எழுதிய ரவுட்டரின் 2.4 பக்கம் இன்றும் 2009இன் தொழில்நுட்பமான வைஃபை 4இல்தான் இயங்குகிறது. பெட்டியில் ஏஎக்ஸ் என்று எழுதியிருக்கும் வைஃபை 6 இரண்டு அலைகளுக்கும் பொருந்தும். ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கும் திறனும் அதற்கு உண்டு. தொலைவான அறைகள் 2.4ஐயே நம்பியிருக்கும் கான்கிரீட் வீடுகளுக்கு, வைஃபை 6ஐத் தேர்ந்தெடுக்க இதுவே தக்க காரணம். கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவை பழைய தொழில்நுட்பத்திலேயே இணையும் என்பதால் அவற்றுக்கு இதில் ஆதாயம் இல்லை. புதிய கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் உண்டு.

வைஃபை 7க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் பெரும்புகழுக்குக் காரணமான 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல், 6 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே அமையும். இந்தியாவில் அந்த அலையின் கீழ்ப்பகுதியை, அதாவது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, வீட்டுக்குள் குறைந்த வலிமையில் உரிமம் இன்றிப் பயன்படுத்த வழிசெய்யும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. விலை குறைந்த வைஃபை 7 ரவுட்டர்களில் பல இரட்டை அலை மட்டுமே கொண்டவை. அவற்றில் 6 கிகாஹெர்ட்ஸ் இல்லை, எனவே 320ம் இல்லை. மேலும் 6 கிகாஹெர்ட்ஸ் 5ஐவிடச் சுவருக்கு அஞ்சும் அலை. மாடி அறைக்குச் சிக்னல் போகவில்லை என்ற குறைக்கு அது மருந்தாகாது. விலை வேறுபாடு சில நூறு ரூபாய் என்றால் வாங்குங்கள். இரு மடங்கு என்றால் அந்தப் பணத்தைக் கேபிளுக்குச் செலவிடுங்கள்.

பாதுகாப்புப் புதுப்பிப்பு பற்றி விற்பனையாளர் யாரும் பேசுவதில்லை. இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இரவுபகலாக நிற்கும் கருவி இது. 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டே இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒரு கருவிக்கு எந்தக் காலம் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்பதைத் தயாரிப்பாளர் அறிவித்தே ஆக வேண்டும். ஆகவே நீங்கள் தேர்ந்த மாடல் அங்கும் விற்கப்பட்டால், அந்நிறுவனத்தின் பிரிட்டன் தளத்தில் அந்தத் தேதியைத் தேடிப் பார்க்கலாம். ஓராண்டில் முடியும் மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வாங்கியதும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல் தட்டாமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியை அணைத்து, விருந்தினருக்குத் தனி வலை வைத்துவிடுங்கள். பழைய கருவிகள் இருந்தால், வைஃபையின் பூட்டு முறைகளான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையே ஒத்துவரும்.

மின்வெட்டு நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் பல வீடுகளில் விளக்கும் மின்விசிறியும்தான் அந்த லைனில் இருக்கும். தொலைக்காட்சிக்குப் பக்கத்துத் துளை இராது. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழுந்தாலே இரண்டு மூன்று நிமிடம் இணைப்பு போய்விடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று இதற்குப் போதும். ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருக்க, 1 ஆம்பியர் மட்டுமே தரும் யுபிஎஸ்ஸை மாட்டினால், வேலை கூடும்போதெல்லாம் அது அணைந்து எழும். 8000 எம்ஏஎச் என்று எழுதிய மினி யுபிஎஸ்ஸின் கொள்ளளவு ஏறத்தாழ 30 வாட்-மணி. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். மெஷ்ஷிலும் ஆக்சஸ் பாயின்ட்டிலும் மாடிப் பெட்டிக்குத் தனியாக இன்னொன்று தேவைப்படும் என்பதையும் விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை ரவுட்டருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய நியாயமான காரணம் இது ஒன்று.

எங்கள் வீட்டில் கடைசியில் இப்படி முடிவாயிற்று. நிறுவனத்தின் பெட்டியைத் தொலைக்காட்சியின் பின்னாலிருந்து எடுத்து ஒரு முழம் தள்ளி, திறந்த சுவரில் மாட்டினோம். கூடத்துக்கும் முன்னறைக்கும் அதன் வைஃபையே போதுமானதாக இருக்கிறது. அதிலிருந்து பழைய தொலைபேசிக் கம்பியின் பைப் வழியாக மாடிக்கு முழுச் செம்பு கேட் 6 கேபிள் சென்றது. எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை. மாடியில் இரண்டு அறைகளுக்கும் பொதுவான நடையில், கிகாபிட் துளைகள் கொண்ட ஏஎக்ஸ்1500 வகை ரவுட்டர் ஆக்சஸ் பாயின்ட்டாக நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். சேனல்கள் மட்டும் வேறு, கீழே 1, மேலே 11. கேபிள், கூலி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்தும், நாங்கள் முதலில் வாங்க நினைத்த ஆறு ஆன்டெனா ரவுட்டரின் விலைக்குள் அடங்கிவிட்டது. கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இரவு எட்டு மணிக்குப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் அளந்தேன்: 5 கிகாஹெர்ட்ஸ், -54.